ஏழாம் விதி

"ஷாகுலை லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு" என்று ஜோவிதா அறிவித்தபோது, ராத்திரியெல்லாம் படுத்திய கொசுவை அடித்த திருப்தி அவள் முகத்தில் இருந்தது.

தாம்பரம் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து நடத்தும் பறவை பார்ப்போர் குழு அது. இருநூற்றுப் பதினாறு பேர், ஒரே மெயில் லிஸ்ட். அதற்குக் காவல் எம்.எஸ்ஸி. படிக்கும் ஜோவிதா.

பதினாலு விதிகள் போட்டிருந்தாள். குட் மார்னிங் கூடாது. "தேங்க்ஸ் அக்கா" என்று ஊருக்கே பதில் போடக் கூடாது. தலைப்பு இல்லாமல் மெயில் கூடாது. அத்தனையையும் கிளிப் படம் போட்ட கலர் போஸ்டராக்கி அனுப்பியிருந்தாள். பறவைகளுக்கு விதி போடாததுதான் பாக்கி.

ஏழாம் விதி: ஒருமுறை வந்த செய்தியை மறுபடி அனுப்பக் கூடாது.

ஷாகுல் மீறியது இதைத்தான். ஒவ்வொரு பறவை நடைக்கும் ஜோவிதா போஸ்டர் அனுப்பிய ஐந்தாவது நிமிடம், அதில் உள்ள இடம், நேரம், பஸ் நம்பர் எல்லாவற்றையும் டைப் செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவான். மூன்று தடவை எச்சரித்தாள். மூன்று தடவையும் "சாரிக்கா" என்றான். நாலாவது தடவையும் அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை அவனை எடுத்தாள். சனிக்கிழமை, சந்திக்கும் இடத்தை மேடவாக்கத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்துக்கு மாற்றி ஒரு போஸ்டர் அனுப்பினாள். மறுபடி அனுப்ப ஆளில்லை. லிஸ்ட் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவளுக்கு மனசு குளிர்ந்தது.

ஞாயிறு காலை ராஜகீழ்ப்பாக்கத்தில், பெயர் கொடுத்த இருபது பேரில் ஒருத்தி மட்டும் வரவில்லை. சோயா, முதல் வருட மாணவி, பறவைக் குரல்களைக் கேட்கணும் என்று பெயர் கொடுத்து முதல்முறை வருகிறவள். போன் செய்தால், மேடவாக்கம் பஸ் ஸ்டாப்பில் ஒரு மணி நேரமாக நிற்கிறாளாம்.

"மெயிலைப் படிக்கிறதே இல்லையா?" என்று கடிந்துவிட்டு, ஜோவிதா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே, மெயில் படிக்காதவர்களுக்காகப் பதினைந்தாவது விதி ஒன்றையும் மனசுக்குள் எழுதி முடித்தாள்.

பஸ் ஸ்டாப்பை நெருங்கியதும் அது மறந்துபோயிற்று. சோயாவின் கையில் வெள்ளைக் கோல் இருந்தது.

"சாரிக்கா. மெயிலைப் போன்தான் எனக்குப் படிச்சுக் காட்டும். போஸ்டர் வந்தா 'படம்'னு மட்டும் சொல்லிட்டு நின்னுடும். ஷாகுல் என் கிளாஸ்தான். அவன் டைப் பண்ணி அனுப்புவான். இந்த வாட்டி என்னவோ அவன் மெயில் வரல."

அவன் உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாமே என்று ஜோவிதா மெதுவாகக் கேட்டாள்.

"நானும் அதைத்தான் சொன்னேன். தனியா அனுப்பினா உதவி பண்ற மாதிரி இருக்கும், எல்லாருக்கும் அனுப்பினா அது வெறும் மெயில்தானேன்னான்."

ஜோவிதாவுக்கு வெட்கமாக இருந்தது. அவனைத் தான்தான் எடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டாள். "ஏழாம் விதின்னு ஒண்ணு இருக்கு, அதனாலதான்..." என்று இழுத்தாள்.

"தெரியும்க்கா" என்று சிரித்தாள் சோயா. "அந்தப் பதினாலு விதியையும் எனக்காக டைப் பண்ணி அனுப்பினதே ஷாகுல்தான்."