சொல்லக் கூடாத பாடம்

ஏழு வயது அக்சா படித்தது, பிள்ளைகளே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் பள்ளியில். வீட்டிலும் யாரும் எதையும் சொல்லித்தரக் கூடாது. சொன்னால், பள்ளியில் அவள் கையில் கட்டிவிட்ட பச்சைப் பட்டை சிவந்துவிடும். மறுநாளே மனப்பாடப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அவள் அம்மா ரெஜினா இரண்டு வருடமாக வாயைப் பொத்திக்கொண்டுதான் பிள்ளை வளர்த்தாள்.

ஒரு வாரமாக அக்சா மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிழல் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் காரணத்தைச் சொல்லிவிட ரெஜினாவுக்கு வாய் துடித்தது. அந்தக் காலத்தில் பரீட்சையில் அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் பதில் எழுதிய ஐந்து மதிப்பெண் கேள்வி அது.

அன்று சாயங்காலம் அக்சா சாக்பீஸைக் கீழே போட்டாள்.

“அம்மா, பஸ்ல போறப்ப மரம் ஓடுற மாதிரி தெரியும்ல? சூரியனும் அப்படித்தானோ? ஓடுறது நாமதானோ?”

ரெஜினா மகளின் கையைப் பார்த்தாள். பட்டை பச்சையாகவே இருந்தது.

“நம்ம வீடு, கடல், எல்லாமே போய்க்கிட்டு இருக்கும்மா. இப்பவும்.” அக்சா சுவரோரம் ஓடினாள். “செவுத்தப் பிடிச்சுக்கோ.”

பரீட்சையில் எழுதியபோது அசையாத பூமி இப்போது காலடியில் நகர்ந்தது. ரெஜினா இரண்டு கையாலும் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டாள்.