இடது ஓரத்துச் சிப்பாய்

இடது ஓரத்திலிருந்து வந்த சிப்பாயை டெனிஸ் பார்க்கவே இல்லை.

டிவியில் அவனுடைய பொம்மை பொத்தென்று விழுந்தது. ஒரு உயிர் போனது.

"சே! எங்கேர்ந்து வந்தான் இவன்?" என்று ஜாய்ஸ்டிக்கை உதறினான்.

எங்கிருந்து வந்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஜான்சிக்குத் தெரியும். திடீரென்று ஒன்றும் குதிக்கவில்லை. அந்தக் கோடியிலிருந்து, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன்போல நிதானமாகத்தான் வந்தான்.

அந்த வீடியோ கேம் பெட்டியை டெனிஸ் நேற்றுதான் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியிருந்தான். கறிவேப்பிலை கொசுறு தராவிட்டால் கடையையே மாற்றிவிடுகிற மனிதன், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவந்துவிட்டான். இன்று சர்ச்சுக்குப் போய் வந்து, கறிக்குழம்பும் சாப்பிட்டு முடித்ததும், ரெண்டு பேர் ஆடும் ஆட்டம், வா என்று அவளை டிவிக்கு முன்னால் பாயில் உட்காரவைத்தான். நாற்பது வயதில் இது என்ன கூத்து என்று அவளும் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள்.

சின்ன வயதில் எல்லாரும் ஆடியதுதான். நீலக் கால்சட்டைக்காரன் ஒருவன், சிவப்புக் கால்சட்டைக்காரன் ஒருவன். மேட்டுக்கு மேடு தாவி, சுட்டுக்கொண்டே வலது பக்கமாக ஓட வேண்டும். நீலம் டெனிஸ், சிவப்பு ஜான்சி. எதிரிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவார்கள்.

வலது பக்கம் வந்த ஒருவனையும் டெனிஸ் விடவில்லை. தலை தெரிந்ததுமே சுட்டான். கை அப்படி ஒரு வேகம்.

இடது பக்கம் வந்தவர்களிடம் மட்டும் செத்துக்கொண்டே இருந்தான்.

ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். அதே மாதிரி செத்தான். ஜான்சியின் சிரிப்பு நின்றுபோனது.

அவன் ஓட்டும் வேனின் இடது பக்கக் கண்ணாடி அவள் ஞாபகத்துக்கு வந்தது. முதல் தடவை உடைந்தபோது, ஆட்டோக்காரன் உரசிவிட்டான் என்றான். நம்பினாள். அடுத்த மாதமே மறுபடி உடைந்தது. அதற்கும் ஒரு ஆட்டோக்காரன். தாம்பரத்து ஆட்டோக்காரர்களுக்கெல்லாம் இவனுடைய இடது பக்கத்தின்மேல் அப்படி என்ன கோபம்? பொங்கல் கழித்து ஒருநாள் மண்டை பிளக்கிறது என்று படுத்தவன், மறுநாளே ஒன்றுமில்லை என்று எழுந்து வேலைக்குப் போய்விட்டான். எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டிவியை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

டெனிஸ் ஓட்டுவது ஸ்கூல் வேன். காலையில் ஊரப்பாக்கத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் வர வேண்டும். பஸ்ஸும் லாரியும் பைக்கும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகிற ரோடு. அந்த வேன் ஓடினால்தான் இந்த வீடும் ஓடும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

அவனுக்கு இடது பக்கம் கண் தெரிகிறதா இல்லையா என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"முன்னாடி போவாத, நீ பின்னாடியே நில்லு" என்றான் டெனிஸ். "லெஃப்ட் உன்னுது. ரைட்ட நான் பாத்துக்கறேன்."

அப்படியே நின்றாள். இடது ஓரத்தில் முளைத்தவர்களையெல்லாம் சுட்டாள். இப்போது நீலக் கால்சட்டைக்காரனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பாலத்தைத் தாண்டினார்கள். டெனிஸ் குஷியாகிவிட்டான். செமயாக ஆடுகிறாய் என்று அவளைப் பாராட்டினான். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவளுடைய கறிக்குழம்பைக்கூட அவன் இப்படிப் புகழ்ந்ததில்லை.

அவனுக்குக் கடைசி உயிர்.

இடது ஓரத்தில் இன்னொருவன் தலைகாட்டினான். ஜான்சி சுடவில்லை. தன் பொம்மையை மட்டும் தாவவைத்து ஒதுங்கி, அவனுக்கு வழி விட்டாள்.

கர்த்தரே, இவன் கண்ணில் படட்டும்.

சிப்பாய் வந்தான். டெனிஸ் கண்ணைச் சிமிட்டாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். சிப்பாய் இன்னும் கிட்டே வந்தான். கத்திவிடக் கூடாது என்று ஜான்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். திரும்பு, திரும்பு என்று மனசு அடித்துக்கொண்டது.

திரும்பவில்லை. நீலக் கால்சட்டைக்காரன் விழுந்தான்.

அவளுக்கு அழுகை முட்டியது. இவனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வாயைத் திறந்தாள். டெனிஸ் முந்திக்கொண்டான். கோபமில்லாமல், கெஞ்சுகிற குரலில் பேசினான்.

"ஏன் சொல்லாம வுட்ட? காந்திமதியக்கான்னா வுடாது. லெஃப்ட்ல சைக்கிள் வருது, லெஃப்ட்ல பசங்க நிக்குதுன்னு சொல்லிகினே வரும்."

காந்திமதி, வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிடும் ஆயா.

"நாளைலேர்ந்து அது லீவு, பொண்ணுக்குப் பிரசவம். ஆயா வேலைக்கு உன்ன சொல்லி வெச்சிகீறேன் ஜான்சி. வண்டிய நான் ஓட்டிக்குவேன். லெஃப்ட மட்டும் நீ பாத்து சொல்லு, போதும். இன்னும் நாலு ஆட்டம் ஆடுனா பழகிடும்."

இவ்வளவு நேரம் யார் யாரைப் பரீட்சை பார்த்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

டிவிக்கு ஒரு சாண் இடது பக்கமாக, ஸ்டாண்டின்மேல் வேன் சாவி இருந்தது.

ஜான்சி குனிந்து அதை எடுத்தாள். ஒளித்து எடுக்கவில்லை, அவனுக்கு எதிரிலேயே எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இன்னா, ஆடலாமா?" என்றான் டெனிஸ், டிவியைப் பார்த்தபடியே.