நகர்ந்த ஊக்கு

"ஊக்கு தானா நகருமாக்கா?"

ஜெயசித்ரா கேட்டதும் கோகிலா கோத்துக்கொண்டிருந்த பாசிமணியைக் கீழே வைத்தாள். மகளிர் குழுப் பெண்களுக்காக அவள் கையால் கோத்துத் தருகிற மாலை அது. கழுத்தில் போட அல்ல. மாதவிலக்கான முதல் நாளுக்கு ஒரு சிவப்பு மணி, பிறகு கொஞ்சம் கருப்பு, நடுவே பன்னிரண்டு வெள்ளை, மறுபடியும் கருப்பு. விடிந்ததும் ஒரு மணி தள்ளி ஊக்கைக் குத்த வேண்டும். வெள்ளையில் நின்றால் கரு தங்குகிற நாள். புருஷனைவிட்டு எட்டிப் படுக்க வேண்டும். சங்கரன்கோவிலில் இதை வாய்விட்டுச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்கிற பெண்கள்கூட, மணியென்றால் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள்.

"காலைல ஒன்பதாவது வெள்ளையில குத்துனேன். இப்பம் பாத்தா கருப்புல நிக்கி."

தூக்கக் கலக்கத்தில் மாற்றிக் குத்தியிருப்பாய் என்றாள் கோகிலா. இல்லவே இல்லை என்றாள் ஜெயசித்ரா. பயப்படாமல் என்ன செய்வாள்? இரண்டாவது பெண் பிறந்தபோது உதிரம் நிற்காமல் உயிர் தொண்டைக்குழி வரை வந்து திரும்பியிருந்தது. இன்னொன்று உண்டானால் தாய் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். காப்பர்-டி ஒத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் என்றதும் கணவன் அருண்குமார் கண் கலங்கிவிட்டான். கத்தி வைத்து அவளுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் தன்னால் தாங்க முடியாது என்றான். தங்கமான மனுஷன். வெள்ளை மணியென்றால் முகம் சுளிக்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

மாமியார் அன்னக்கிளிதான் அவளுக்கு எமன். குழாயடியில், பூக்கடையில், போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுத்தான்: கொள்ளி வைக்க ஒரு பேரன் வேண்டும்.

"அவுகதான்க்கா. நான் செத்தாலும் சரி, பேரன் வந்தாப் போதும் அவுகளுக்கு."

கோகிலாவுக்கும் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, கண்ணால் பார், அதுவரை ஊக்கை நம்பாமல் காலண்டரில் நாளை எண்ணு என்று சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கு ஜெயசித்ரா பொட்டுக்கூடத் தூங்கவில்லை. விடிந்ததும் காலண்டருக்குப் பின்னால் தொங்கிய மாலையை எடுத்து, பத்தாவது வெள்ளையில் ஊக்கைக் குத்தினாள். குடத்தோடு குழாயடிக்குப் போனாள். தறி ஷிப்டுக்குக் கிளம்பிய அருண்குமாரின் பைக் அவளைக் கடந்து போனது. போகிற போக்கில் சிரித்துவிட்டுப் போனான். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு, கொல்லைப்பக்கமாக வந்து ஜன்னல் வழியே பார்த்தாள்.

மாமியார் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உதடுகள் எண்ணின. ஊக்கைக் கழற்றி வேறொரு மணியில் குத்தினாள்.

ஜெயசித்ரா உள்ளே ஓடி அந்தக் கையைப் பிடித்தாள்.

"என்னையக் கொல்லப் பாக்கியளா அத்த?"

அன்னக்கிளி கையை உதறவில்லை. தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பேரன் பேரன்னு வாய் ஆயிரம் சொல்லும். அன்னைக்கு உன் ரத்தத்தத் தொடச்சது இந்தக் கைதாட்டி. மணிய எண்ணிப் பாரு."

எண்ணினாள். பத்தாவது வெள்ளை. விடியலில் அவள் குத்திய அதே மணி.

வெள்ளை வந்தாலே இதுதான் நடக்கிறது என்றாள் அன்னக்கிளி. மருமகள் தண்ணீருக்குப் போனதும் ஊக்கு கருப்புக்குப் போய்விடுமாம். மாமியார் அதைத் திரும்ப எடுத்துப் பழைய மணியிலேயே குத்துவாளாம். மூன்று மாதமாக இப்படித்தானாம். நேற்று வாசுதேவநல்லூருக்கு மகள் வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு நாள் தவறிப்போயிற்றாம்.

"அப்பம் தள்ளி வைக்கது யாரு அத்த?"

அன்னக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேற யாரு, எம்மவன்தான். அவனப் பெத்த பாவத்துக்குத்தாட்டி நான் காவல் நிக்கேன்."