முப்பத்து நாலாவது நிமிடம்

அந்தப் புதிய விளையாட்டு இணையதளம் நாளைய ஆட்டத்தைப் பற்றி இன்றே எழுதிவிடுகிறது. திறந்த அன்று அதிகம் பேர் படித்தது கபடி வீரன் இசக்கிராஜாவைப் பற்றிய கட்டுரை. முப்பத்து நாலாவது நிமிடத்தில் அவன் வலது முட்டி உடைகிறது.

மனைவி சொர்ணம் வாசகர் கருத்துகளைப் படித்துக் காட்டினாள். "முட்டி உடையுத இடத்துல அழுதுட்டேன்னு ஒருத்தர் எழுதிருக்காரு. எழுத்து அருமையாம். ஒம்பது லட்சம் பேரு படிச்சிருக்காங்க."

அணி மேலாளர் போன் செய்தார். "படிச்சியா தம்பி? எழுதுனது எழுதுனபடி நடக்கணும். எதிர் டீம்கிட்ட பேசியாச்சு."

"மாத்தி எழுதச் சொல்லக் கூடாதா சார்?"

"மாத்திப் பாத்தாங்கப்பா. நீ ஜெயிக்கிற மாதிரி எழுதினதை நானூறு பேருதான் படிச்சாங்க."

மறுநாள் முப்பத்து நாலாவது நிமிடத்தில், கபடி பாடிப் போன அவனை நாலு பேர் மடக்கினார்கள். ஐந்தாமவன் வலது முட்டியின் மேல் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் இசக்கிராஜா கேட்டான். "என்ன சொல்லுதாங்க?"

சொர்ணம் போனைப் பார்த்தாள். "கட்டுரையில இருந்த மாதிரி நேர்ல இல்லையாம். நீங்க கத்தவே இல்லைன்னு கோவப்படுதாங்க."

கதவருகே நின்றிருந்த மேலாளர், போர்வைக்கு வெளியே கிடந்த, அடிபடாத இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.