பெட்டிக்கு இன்னொரு சாவி

"பாஸ்வேர்டெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடும்மா. நீ லீவு போட்டா லோடு நின்னு பூடுதுல்ல?"

ஜெயராஜ் ரமீஸாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையின் டெஸ்பாட்ச் அறையில் அவர்கள் இருவர்தான். எடைமேடையும் கேட் பாஸும் அவர் பொறுப்பு. பில், எக்சைஸ், லாரி புக்கிங் எல்லாம் அவள் கையில்.

"பேப்பரா? மானிட்டர்ல ஒட்டி வெச்சுப் பட்டது பத்தலியாண்ணே?"

பட்டதுதான். அவர் ஒட்டி வைத்த பாஸ்வேர்டில் எவனோ கேட் பாஸ் போட்டு ஒரு லாரி கம்பியைக் கடத்தினான். ஸ்டேஷனில் உட்கார்ந்தது ஜெயராஜ். அதற்குப் பிறகுதான் ரமீஸா கம்ப்யூட்டரில் 'பெட்டி' என்று ஒரு மென்பொருளைப் போட்டாள். பாஸ்வேர்டெல்லாம் அதற்குள் பூட்டிக் கிடக்கும். ஆளுக்கொரு சாவிச்சொல். வேண்டியதை மட்டும் அடுத்தவருக்குத் திறந்து விடலாம். எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

காலையில் மேனேஜர் சொன்னது ஜெயராஜின் காதிலேயே நின்றது. "இனிமே டெஸ்பாட்சுக்கு ஒரு ஆள் போதும். அந்தப் பொண்ணுகிட்ட இருக்கறத சாயந்தரத்துக்குள்ள வாங்கிடு. நாளைக்கு அவள கேட்லயே நிறுத்திடறேன். வாங்கலேன்னா நீ கிளம்பு."

இரும்பு தூக்கி இடுப்பு போன பிறகு கிடைத்த நாற்காலி இது. மறுபடி தூக்க உடம்பில்லை. ரமீஸாவின் சம்பளத்தில்தான் பழவேற்காட்டில் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

"இன்னாண்ணே, பேயறைஞ்ச மாரி கீறீங்க? நாஷ்டா துன்னலியா?"

"துன்னேன், துன்னேன். அந்தப் பாஸ்வேர்டு..."

"உங்க சாவியப் போட்டுப் பாருங்க."

ஒற்றை விரலால் தட்டினார். பெட்டி திறந்தது. அவருடையவற்றுக்குக் கீழே அவளுடையவையும் நின்றன. பில், எக்சைஸ், லாரி, ஒன்று விடாமல்.

"இது எப்பம்மா?"

"போன வாரமே தெறந்து விட்டுட்டேன். கேக்க வர்ற அன்னிக்கு நீங்க சங்கடப்படக் கூடாதில்ல."

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "ரமீஸா, நான் இத இன்னாத்துக்குக் கேட்டேன்னா..."

"தெரியும்ணே." அவள் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். "போன வாரம் மேனேஜர் உங்க பாஸ்வேர்ட வாங்கிக் குடு, ஒரு ஆள் போதும்னு எங்கிட்டதான் வந்தாரு. மாட்டேன்னுட்டேன். அதான் இன்னிக்கு உங்கள அனுப்பிக்கீறாரு."