பதினேழாம் பக்கத்து ஹெல்மெட்

நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடவும் வேண்டிய பந்தயம் அது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கிய அருளப்பன், தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துபோனார். பத்து கிலோமீட்டரும் அப்படியே ஓடி, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். இந்தப் பந்தயக்காரர்களுக்கென்றே வரும் மாதப் பத்திரிகை, பதினேழாம் பக்கம் முழுக்க அவர் படத்தைப் போட்டிருந்தது.

அதைக் கொண்டுபோய் அவர் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தார். அரிசி அளக்கப் போன மனைவி ஜெசிந்தா, அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே நான் போகலட்டி. ஊரே சிரிக்கும்."

"ஊர் சிரிக்கட்டும். நான் சிரிச்சதுக்கா இந்தக் கோவம்?"

அவர் ஷூவைப் பரண்மேல் ஏற்றினார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே அதை இறக்கி வெயிலில் வைத்தாள். "அடுத்த பந்தயத்துக்குப் பேர் குடுத்தாச்சு. கிளம்புங்க."

இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டோமா என்று தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே ஓடினார். மறுபடியும் கடைசி. முடிவுக் கோட்டில் கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையின் படக்காரர் மட்டும் கேமராவோடு காத்திருந்தார். அவர் பக்கத்தில், உச்சி வெயிலில், ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டி, வாரையும் தாடைக்கடியில் இறுக்கிக்கொண்டு ஜெசிந்தா நின்றிருந்தாள்.

"சீக்கிரம் வாங்க, உள்ள வேகுது!"

படக்காரர் கேமராவை அவள் பக்கம் திருப்பினார். அருளப்பன் அதன்பிறகு தலையைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடினார்.