அழுக்குக்குள் இருந்த நம்பர்

ஒரு பட்டறையில் பழைய அமெரிக்கக் கார் ஒன்று நின்றது, நீல நிறம். அதன் எஞ்சினின் மேல் மூடியாக உட்கார்ந்திருந்த சிலிண்டர் ஹெட்டுக்குக் காலையிலிருந்தே பதற்றம். பக்கத்துச் சிவப்புக் காரின் ஹெட் விரிசல் விட்டிருந்தது. அதற்கு மாற்று தேடி மெக்கானிக் சவரிராயன் ஒவ்வோர் எஞ்சினாகச் சுரண்டி, எந்த வண்டிக்கு வார்த்தது என்று காட்டும் வார்ப்பு நம்பரைப் படித்துக்கொண்டு வந்தார்.

“அண்ணே, நான் அந்தச் சிவப்பு வண்டிக்குன்னு வார்த்த ஹெட்டு. நம்பர் தெரிஞ்சா என்னைப் பிரிச்சிடுவாங்க” என்றது ஹெட்.

“ஒன்பது வருஷம் ஒண்ணா வெந்திருக்கோம். போல்ட்டு ஓட்டையெல்லாம் பொருந்துதே, யாரு பிரிப்பா?” என்றது கீழே அதைத் தாங்கியிருந்த எஞ்சின் பிளாக்.

கம்பி பிரஷ் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்தது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

மாலைக்குள் ஹெட் சிவப்புக் காரில் ஏறிவிட்டது. “எனக்குன்னே வார்த்த ஹெட்டு நீ. வா, வா!” என்று புது பிளாக் உபசரித்தது. ஹெட்டின் கவனமெல்லாம் நீலக் காரின் மேலேயே இருந்தது. அதற்கும் சரியான நம்பரில் வேறொரு ஹெட்டை மாட்டி, சாவியைத் திருப்பினார்கள். வண்டி இருமி நின்றது.

“சோக்கை இழுங்கய்யா! அண்ணனுக்கு முதல்ல எப்பவும் மூச்சு வாங்கும்!” என்று ஹெட் கத்தியது.

மறுபடி திருப்பினார்கள். நீலக் கார் உறுமிக் கிளம்பி, சீராக வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

“ஏன் தம்பி இப்படி நடுங்கறே?” என்று கேட்டது புது பிளாக். “நாம இன்னும் ஸ்டார்ட்டே ஆகலையே.”